இடது கண்ணாடியில் தெரியாத கார்

என் பார்வையில் ஒரு ஓரம் போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. கம்ப்யூட்டரில் நான் விளையாடிய ஒரு லாரி விளையாட்டு. கண்டுபிடித்து, சொல்லிக்கொண்டும் இருந்தது. நான்தான் நான்கு மாதம் அதனோடு மல்லுக்கு நின்றேன், நீ பொய் சொல்கிறாய் என்று. போன பார்வை திரும்பாது என்று பிறகு டாக்டர் சொல்லிவிட்டார். மீதி இருப்பதாவது நிற்குமா, அதுவும் கரைந்து போகுமா என்பது மட்டுமே பாக்கி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் காண்ட்ராக்ட் ஆளாக மண்வெட்டியோடு இறங்கியவன், பக்கெட் வீல் ஓட்டுகிற பெர்மனென்ட் ஆபரேட்டராகத்தான் வெளியே வந்தேன். பக்கெட் வீல் என்றால் ஒரு ராட்சதச் சக்கரம். விளிம்பு முழுக்க வாளிகள். சுற்றச் சுற்ற மண்ணை வாரிப் பெல்ட்டில் கொட்டும். அதன் கேபினில் உட்கார்ந்தால் மூன்றாவது மாடியில் உட்கார்ந்த மாதிரி. கீழே இன்ஜினீயர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். அவர்களெல்லாம் காலேஜில் படித்தவர்கள். மெஷின் முரண்டு பிடித்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான்.

வேலையின் கடைசி வருஷங்களில் அந்தக் கேபினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் திரை வந்தது. மற்ற ஆபரேட்டர்கள் அதன் மேல் சாப்பாட்டுப் பையை மாட்டினார்கள். நான் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பம் பக்கத்தில் நானே கட்டிய வீட்டுக்கு வந்ததும், முதல் காரியமாக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்துவிட்டேன். என்னோடு ரிட்டயர் ஆனவர்கள் காலையில் நடக்கப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனார்கள். நான் கம்ப்யூட்டருக்குள் ராம் எங்கே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது என்று போனேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றால், அது நிற்கிற இடத்தை வைத்தே என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்த வட்டாரத்தில் ரிட்டயர் ஆன ஆபரேட்டர்களில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டியவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பேசுவோம்.

லாரி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவர் மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். விளையாட்டில் வெளிநாட்டு ரோட்டில் சரக்கு லாரி ஓட்ட வேண்டும். அந்த நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கத்தில் போகின்றன, டிரைவர் இடது பக்கத்தில் உட்காருகிறார். நம்மை முந்துகிற கார் இடது பக்கமாகத்தான் வரும். அதற்காகத் திரையின் இடது ஓரத்தில் ஒரு கண்ணாடி. ஸ்டீயரிங்கை நானே செய்தேன்: ஒரு பொம்மைக் காரின் வளையம், உள்ளே பந்து உருளுகிற பழைய மவுஸ் ஒன்றின் வயிறு, இரண்டு ஸ்பிரிங். கடைக்காரர் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அதில் பிடித்தது ஓட்டுவது மட்டும் இல்லை. மழை பெய்தால் அந்த ரோட்டில் தண்ணீர் தெறிக்கிறது. வைப்பர் போட்டால் கண்ணாடி துடைபடுகிறது. இதையெல்லாம் எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், ஒரு மழைக்கு எத்தனை எண் எழுதியிருப்பான்? லாரிக்குப் பின்னால், நான் பார்க்காதபோது, அந்த ஊர் இருக்கிறதா இல்லையா? கடைக்காரரைக் கேட்டேன். "நீங்க பாக்குற பக்கத்த மட்டும்தாண்ணே அது வரையும். பாக்காத பக்கத்துக்கு எதுக்கு வெட்டியா வேல செய்யும்?" என்றார். எனக்கு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது.

ஆனால் கார்கள் முளைக்க ஆரம்பித்தன. இடது கண்ணாடியில் ஒன்றும் இல்லை என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு லாரியை இடது பக்கம் எடுப்பேன். டமால். எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கார். உடனே திரையில் அபராதம். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் ஒரு பெல்ட்டை உரசாதவன் நான். கார் எங்கேயும் இல்லாமல் இருந்து திடீரென்று வருகிறது என்றால், விளையாட்டு ஏமாற்றுகிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் சமயத்தில்தான் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புதிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சிக்னல் கொடுத்துக் காட்டிக் கொடுத்துவிடும் என்று போனுக்குப் போன் செய்தி பறந்தது. எனக்கு மனசு கேட்குமா? வீட்டுக்கு வந்த முதல் நோட்டை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ரேடியோ பக்கத்தில் ஆட்டிப் பார்த்தேன். தண்ணீரில் நனைக்கப் போனபோது மனைவி பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பார்த்தவரையில் சிப் இல்லை. சிப் என்றால் அதற்குக் கரண்ட் வேண்டும், பேட்டரி எங்கே? இரண்டாவது, சுரங்கத்தின் அடியில் நின்றால் போனுக்கே டவர் எடுக்காது. போனுக்கு எடுக்காதது நோட்டுக்கு எடுக்குமா?

இதை நான் பேங்க் வரிசையில் நின்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால், என் இடது தோளை ஒட்டி ஒரு ஆள் நிற்கிறார்.

"எங்கேர்ந்துய்யா முளைச்ச?" என்றேன். "வரிசைல வா."

"நான் எங்க முளைச்சேன்? பத்து நிமிசமா உம் பக்கத்துலதான் நின்னுகினு கீறேன். நீதான் சிப்பு சிப்புன்னு அளந்துகினு என்னை மெதிச்சிகினு இருக்க."

வரிசை முழுவதும் சிரித்தது. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்றே அன்றைக்கு நினைத்தேன். லாரி விளையாட்டு பொய், பேங்க் வரிசை பொய். அந்த மாதம் எல்லாமே ஏமாற்று என்று இருந்ததால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

சுரங்கத்தில் கோளாறு கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. நன்றாக ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி, ஓடாததில் மாட்டிப் பார்ப்பது. ஓடினால் கோளாறு அந்தப் பாகத்தில். ஓடாவிட்டால் அடுத்த பாகம். இன்னொரு பழக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தாலும் ஆபரேட்டர் மேல் தப்பு என்று ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளமாட்டான். ஒத்துக்கொண்டால் மெமோ வரும். மெஷின் கோளாறு என்றே சொல்லிப் பழகிய வாய் எங்களுடையது.

ஆகவே மவுஸை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். கடைக்காரரிடம் போய் வேறு மானிட்டர் வாங்கி வந்தேன். பிறகு அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய சொந்த கம்ப்யூட்டரிலிருந்து, திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டைக் கேட்டேன்.

"அண்ணே, போன வாரம்தான மானிட்டர் மாத்தினீங்க?"

"அதுலயும் அதே கோளாறு."

"என்னா கோளாறு?"

"இடது ஓரத்துல கார் வர்றத காட்டமாட்டேங்குது."

"கார்டு போச்சுன்னா முழுத் திரையும் போவும்ணே. இடது ஓரத்துக்கு மட்டும் லீவு விட்டுட்டு மீதிக்கு டூட்டி பாக்குமா?"

"நீ கழட்டிக் குடு. நான் பாத்துக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மாட்டினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு சிவப்புக் கார், ஒரு பஸ்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து யோசித்தேன். விளையாட்டையே வேண்டாம் என்று மூடிவிட்டு, திரையின் நடுவில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பொட்டையே பார்த்துக்கொண்டு மவுஸின் அம்பை மெதுவாக இடது பக்கம் நகர்த்தினேன். ஒரு சாண் போனதும் அம்பைக் காணோம். இன்னும் நகர்த்தினாலும், ஓரம் வரைக்கும் வரவே இல்லை. ஆக, திரையில் அந்த இடம் செத்துவிட்டது. மேஜையைத் தட்டினேன், பிடித்துவிட்டேன் என்று.

செத்தது திரைதான் என்றால், திரையைத் தலைகீழாக வைத்தால் செத்த இடம் வலது பக்கம் போக வேண்டும். மானிட்டரைக் கழற்றி, இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் தலைகீழாக நிறுத்தினேன். பொட்டைப் பார்த்தேன். அம்பு இப்போது எதிர்ப்பக்கமாக ஓடியது; அதற்குத் தகுந்த மாதிரி கையைப் பழக்கிக்கொண்டேன். வலது பக்கம் முழுக்க அம்பு தெரிந்தது. இடது பக்கம், அதே ஒரு சாணில், காணோம்.

அப்போது மனைவி வந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. பேச்சில் என்னை ஜெயிக்கிற ஒரே ஆள்.

"எம் பொட்ட எடுத்து எங்க ஒட்டி வெச்சிகீறீங்க?"

"இந்தா, இப்படி வந்து உக்காரு. பொட்டையே பாரு. கண்ண அசைக்காத. அம்பு தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"நல்லா பாத்துச் சொல்லு. இந்த எடத்துல மறையும்."

"எங்க மறையுது? அங்கியே குந்திகினு கெடக்குது. டிவிய தலகீழா நிறுத்தி வெச்சிகினு என்னை பரீட்ச வெக்கிறாரு பாரு."

சொல்லிவிட்டு எழுந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியலியா?"

மானிட்டர், ஒயர், மவுஸ், கார்டு எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மாற்றாமல் இருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் அம்பு மறைகிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். வலது கண்ணில் மூக்கை ஒட்டிக் கொஞ்சம். இரண்டும் சேருகிற இடத்தில்தான் என் சிவப்புக் கார்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன.

"அதான் சாப்பிடறப்ப எடது பக்கம் வெக்கிற தண்ணிய தட்டி வுட்டுகினே இருக்கீங்க," என்றாள் மனைவி. "போன வாரம் ஸ்கூட்டர்ல போறப்ப மாடு முளைச்சிச்சின்னீங்க. நானும் சும்மா இருந்தேன் பாரு. மாடு எங்கியாச்சும் முளைக்குமா?"

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளேயும் பிரஷர் உண்டு, அது ஏறிப் பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிவிட்டது என்றார். வலி இல்லாமல் போகும், ஓரத்திலிருந்து போகும் என்றார். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து எவ்வளவு என்று முடிவு செய்ய முடியும். அதற்கு ஒரு டெஸ்ட்.

அந்த டெஸ்ட் மெஷினைப் பார்த்ததும் எனக்குக் கவலை பாதி போய்விட்டது. அது ஒரு விளையாட்டு. பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி மின்னும். மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு என்னிடம் தோற்கச் சொன்னால் எப்படி?

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டேன். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் மெஷினுக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. சுரங்கத்தில் மார்கழிப் பனியில் முன்னால் இருக்கிற சக்கரமே தெரியாது. அப்போது நாங்கள் மெஷினைக் காதால்தான் ஓட்டுவோம். வாளி களிமண்ணில் இறங்குகிற சத்தம் வேறு, கரியில் இறங்குகிற சத்தம் வேறு. அந்தக் காது இது. புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 'டிக்' என்றதும் அமுக்கினேன். ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன், நூற்றுக்கு நூறு என்று.

டெஸ்ட் எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்தார்.

"வெளிச்சமே போடாதப்ப அமுக்கியிருக்கீங்களே. எப்படி?"

"சத்தம் கேட்டுச்சிங்க."

"நடுநடுவுல சத்தம் மட்டும் குடுத்துட்டு வெளிச்சம் குடுக்காது. உங்கள மாதிரி ஆளப் பிடிக்கத்தான் மெஷின்ல அப்படி வெச்சிருக்காங்க."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மெஷினைச் செய்தவன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இப்படி ஒருத்தன் வருவான் என்று எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறானே.

"இந்தத் தாள நம்பினா உங்க கண்ணு நல்லா இருக்குன்னு நான் அனுப்பிடணும்," என்றார் டாக்டர். "நீங்க மார்க் வாங்க வந்தீங்களா, கண்ணக் காப்பாத்திக்க வந்தீங்களா?"

"சின்ன வயசுல பரீட்ச எழுதல டாக்டரம்மா," என்றாள் மனைவி. "இப்பதான் எழுதறாரு. அதுலயும் காப்பி."

மறுபடி உட்கார்ந்தேன். ஒரு கண்ணைத் துணியால் மறைத்துவிட்டு அந்தப் பெண் விளக்கை அணைத்தாள். மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். டிக். புள்ளி தெரிந்தது, அமுக்கினேன். டிக். தெரிந்தது. டிக். எதுவும் இல்லை. கட்டைவிரல் தானாக இறங்கப் போனது, நிறுத்தினேன். டிக். இல்லை. டிக். இல்லை. முதல் தடவை இந்தச் சத்தங்கள் எல்லாம் எனக்குக் கிடைத்த புள்ளிகளாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றும், அங்கே ஒரு வெளிச்சம் வந்தது, உனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. வரிசையாக ஏழெட்டு போனது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தது அன்றைக்குத்தான். அதைப் போலக் கஷ்டமான வேலையை நான் எந்த ஷிப்டிலும் பார்த்ததில்லை.

தாள் வந்தது. வட்டமான படம். இடது ஓரம் கரிச்சுவரை வெட்டி எடுத்த மாதிரி கறுப்பு.

"இவ்ளோ கறுப்பா இருக்குதே. எனக்கு அங்க ஒண்ணும் கறுப்பாத் தெரியலிங்களே?" என்று கேட்டேன்.

"தெரியாது. பக்கத்துல ரோடு இருந்தா ரோடு, சுவர் இருந்தா சுவர்னு மூளையே ரொப்பிக்கும். அதனாலதான் யாரும் சீக்கிரம் வர்றதில்ல."

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு துண்டு வந்து சேரவில்லை என்றால் அந்த இடம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். வரவில்லை என்று நேர்மையாகக் காட்டிவிடும். தலைக்குள் இருக்கிற மெஷின் அப்படி இல்லை. கார் ஓடுகிற இடத்தில் காலி ரோட்டை வரைந்து, இந்தா பார், ஒன்றும் இல்லை, போ என்று அனுப்புகிறது. அதையும் நான் அறுபது வருஷத்துக்கு மேல் நம்பி ஓட்டியிருக்கிறேன். பேங்க் வரிசை ஆளைப் பொய் என்றது போல நான் அடித்துச் சொன்ன மற்றவற்றிலும் இப்படி எத்தனை காலி ரோடு இருக்கிறதோ.

ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விற்றுவிட்டேன். இதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, லாரியின் இடது கண்ணாடியை இழுத்துத் திரையின் நடுப்பக்கமாக வைத்துக் கொடுத்தார். விளையாட்டில் அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அபராதம் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, அது என் அவசரத்தால் வருவது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. அது பிரஷரை இறக்கும். கறுப்பு அதே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஆறு மாதமும் காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு விரலை நகர்த்திப் பார்ப்பேன். கொஞ்சம் பெரிதான மாதிரி இருக்கும். மறுநாள் சின்னதான மாதிரி இருக்கும். விரலால் அளக்க முடியாத விஷயம் என்று தெரிந்தும் அளந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அதே கிண்ணத்தில் முகத்தை வைத்தேன். டிக் சத்தம் கேட்டது. தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினேன்.

டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். மனைவி என்னைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருக்கு," என்றார் டாக்டர். "நகரல."

"ஜெயிச்சிட்டனாங்க?"

"இதுல ஜெயிக்க முடியாது. டிரா பண்ணியிருக்கீங்க."

"இன்னும் எத்தினி ஆட்டம்?"

"இருக்கற வரைக்கும். ஆறு மாசத்துக்கு ஒண்ணு."

டிரா என்றால் எனக்குப் பிடிக்காத வார்த்தை. அன்றைக்கு அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வெளியே பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். எதிரில் நின்ற ஒருவரிடம் அந்த டெஸ்ட் மெஷினை எப்படிச் செய்திருப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, மனைவி பையிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்தாள்.

"மணி ரெண்டாச்சி. மூஞ்சத் தூக்குங்க."

"இங்கியா? வூட்டுக்குப் போயி வுட்டுக்கலாம்."

"வூட்டுக்குப் போற வரைக்கும் பிரசரு வெளிய நின்னுகினு இருக்குமா? தூக்குங்க."

பேச்சை நடுவில் விட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தலையை அண்ணாந்தேன்.